கை தூக்கினால் பந்தாவா?

தமிழில் ஒருவரைப் பாராட்ட நாம் அடிக்கடி பயன்படுத்தும் தொடர்களில் ஒன்று, “எந்தப் பந்தாவும் இல்லாதவர்” என்பது. ஒரு நடிகரையோ அமைச்சரையோ நேரில் சந்தித்துவிட்டு வந்தவர், அவரது திறமையைப் பற்றி ஒரு வரிதான் சொல்வார். “ஆனா பந்தாவே இல்லங்க, நம்மகிட்ட சாதாரணமா பேசினாரு” என்பதைத்தான் பத்துப் பேரிடம் சொல்லி மகிழ்வார்.

அதே சொல் பள்ளி வளாகத்துக்குள் வந்துவிட்டால் அதன் வேலை மாறிவிடுகிறது. ஆசிரியர் கேட்ட கேள்விக்கு முதலில் கை தூக்கினால் பந்தா. தமிழ் வகுப்பில் ஆங்கிலம் கலக்காமல் நான்கு வாக்கியம் பேசினால் பந்தா. ‘மழை’, ‘பழம்’ என்று ழகரத்தைச் சரியாக உச்சரித்தால் பெரிய பந்தா. மேடையில் பேசப் பெயர் கொடுத்தால் சொல்லவே வேண்டாம்.

ஒரே சொல், இரண்டு இடங்களில் இரண்டு வேலை செய்கிறது. முதல் இடத்தில் அது பணிவைப் போற்றுகிறது. இரண்டாவது இடத்தில், வளரத் துடிக்கும் ஒருவரைப் பிடித்து உட்கார வைக்கிறது. இந்த இரண்டாவது பயன்பாடு நமக்கு, அதிலும் இங்கே தமிழ் படிக்கும் மாணவர்களுக்கு, எவ்வளவு இழப்பை ஏற்படுத்துகிறது என்பதை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எது பந்தா?

இல்லாத முக்கியத்துவத்தை இருப்பதுபோலவும், இருக்கும் முக்கியத்துவத்தை இரண்டு மடங்காகவும் பிறர் கண்ணில் படும்படி காட்டிக்கொள்வதுதான் பந்தா. அதனுடன் சேர்ந்து வரும் வினைச்சொற்களைக் கவனியுங்கள். பந்தா காட்டுகிறான், பந்தா பண்ணுகிறாள், பந்தா விடுகிறார்கள். யாரும் ‘பந்தாவாக நினைக்கிறான்’ என்று சொல்வதில்லை. பந்தா மனத்துக்குள் நடப்பதில்லை. பார்ப்பவர் முன்னிலையில் நடப்பது. பூட்டிய அறைக்குள் தனியாக இருப்பவரால் பந்தா காட்ட முடியாது.

இதற்குத் தமிழில் ஒரு பெரிய சொற்குடும்பமே இருக்கிறது. வாயால் செய்தால் அது பீற்றிக்கொள்வது. உடையிலும் நகையிலும் தெரிந்தால் பகட்டு. மனத்துக்குள் ஊறிப்போயிருந்தால் செருக்கு அல்லது தலைக்கனம். சின்ன விஷயத்துக்குப் பெரிய ஆரவாரம் செய்தால் அலட்டல். அதனால்தான் நெருக்கடியிலும் நிதானமாக ஆடும் கிரிக்கெட் வீரரை ‘அலட்டிக்கொள்ளாமல் ஆடுகிறார்’ என்று வருணனையாளர்கள் பாராட்டுகிறார்கள். இந்தக் குடும்பத்தில் நல்ல பிள்ளைகளும் உண்டு. சீருடை அணிந்த அதிகாரியின் நடையில் தெரிவது மிடுக்கு. நாம் இன்று ‘கெத்து’ என்று சொல்வதும் பெரும்பாலும் பாராட்டுதான்.

வடமொழியிலிருந்து வந்த இரண்டு சொற்களின் பின்னணி இன்னும் சுவையானது. ‘ஆடம்பரம்’ என்ற சொல்லுக்கு வடமொழியில் முரசு, பேரொலி என்ற பொருள்கள் உண்டு. நாமும் தற்பெருமை பேசுபவரைத் ‘தம்பட்டம் அடிக்கிறார்’ என்கிறோம். தம்பட்டமும் ஒரு பறைதான். ‘படாடோபம்’ என்பதற்கு அடிப்படைப் பொருள் பாம்பு படத்தை விரித்துக் காட்டுவது. ஆங்கிலத்தில் ‘பாம்பஸ்’ என்கிறோமே, அதன் வேர் ஊர்வலத்தைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல். முரசு, படமெடுத்த பாம்பு, ஊர்வலம் ஆகிய மூன்றும் கண்ணையும் காதையும் தம் பக்கம் இழுப்பவை. முரசு ஒலிக்க வேண்டுமானால் அதன் உள்ளே வெற்றிடம் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

நம் ஊரில் இதற்கு மற்ற மொழிகளும் கைகொடுக்கின்றன. மலாய் நண்பர்கள் ‘பெர்லாகாக்’ என்பார்கள். சீன நண்பர்கள் ஹொக்கியனில் ‘ஹாவ் லியென்’ என்பார்கள். மேட்டுக்குடித்தனமாக நடந்துகொண்டால் ‘ஆத்தாஸ்’. மலாயில் ‘மேலே’ என்று பொருள். இவை எதுவும் போதாவிட்டால் எல்லா இனத்தவருக்கும் பொதுவாக ‘ஆக்‌ஷன்’ இருக்கவே இருக்கிறது. நான்கு மொழி பேசும் ஒரு சின்ன ஊர் இத்தனை சொற்களை வைத்திருக்கிறது என்றால், தலை தூக்குபவர்களை நாம் எவ்வளவு கூர்ந்து பார்க்கிறோம் என்பது புரியும்.

இரண்டு பக்கமும் கதவடைப்பு

உயர்நிலை இரண்டில் என் தமிழ் வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார். பாட்டியிடம் வளர்ந்தவர். நாங்கள் ‘கேன்டீன்’ என்று சொல்லும் இடத்தில் அவர் இயல்பாகச் ‘சிற்றுண்டிச்சாலை’ என்பார். ஆசிரியர் ஒரு கதையைப் பற்றிக் கேட்டால் ஒரு சொல்லில் முடிக்க மாட்டார், காரணத்தோடு சொல்வார். இரண்டே வாரத்தில் அவருக்குப் ‘புலவர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் எழுந்து நின்றாலே பின்வரிசையிலிருந்து “ஆரம்பிச்சிட்டாருடா, பந்தா” என்று ஒரு குரல் வரும். வகுப்பு சிரிக்கும். யாரும் அவரை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. புகார் செய்ய ஒன்றுமே இல்லை. ஆனால் ஆண்டு முடிவதற்குள் அவர் தமிழாசிரியரிடமே ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியிருந்தார். அவருடைய தமிழ் எங்கும் போய்விடவில்லை. அது வெளியே வருவதை நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

சரி, ஆங்கிலமாவது நன்றாகப் பேசலாமா என்றால் அதற்கும் ஒரு சொல் தயாராக இருக்கிறது: ‘பீட்டர் விடுறான்.’ தமிழ் நண்பர்கள் கூடியிருக்கும் இடத்தில் ஒருவர் ஆங்கிலத்தைத் திருத்தமாக உச்சரித்தால், முழு வாக்கியமாகப் பேசினால், அவர் பீட்டர். இருமொழிக் கல்வியில் வளர்ந்த ஒரு தமிழ் மாணவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். நல்ல தமிழ் பேசினால் பந்தா, நல்ல ஆங்கிலம் பேசினால் பீட்டர். கேலிக்கு ஆளாகாமல் பேச மிச்சம் இருப்பது, இரண்டு மொழியிலும் பாதி பாதி எடுத்துச் செய்த ஒரு கலவை மட்டுமே. அந்தக் கலவையில் நட்பு இருக்கிறது, நகைச்சுவை இருக்கிறது. அதை நானும் விரும்பிப் பேசுகிறேன். ஆனால் அதை மட்டுமே வைத்துக்கொண்டு ஒரு வாதத்தைக் கட்ட முடியாது. ஒரு நேர்காணலில் உட்கார முடியாது.

வாய்மொழித் தேர்வுக்கு முன் நம்மில் பலர் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுச் சில நிமிடங்கள் தமிழில் தொடர்ந்து கருத்துச் சொல்ல வேண்டும். பாடம் தெரியாததால் திணறுபவர்கள் குறைவு. ஆண்டு முழுவதும் நண்பர்கள் முன்னிலையில் தமிழில் மூன்று வாக்கியம் சேர்த்துப் பேசிப் பழகாததால் திணறுபவர்களே அதிகம். பேசியிருந்தால் பந்தா என்றிருப்பார்களே!

இது ஏதோ பள்ளிப் பருவத்துக் கேலி, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்லலாம். எண்கள் அவ்வளவு ஆறுதலாக இல்லை. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் ஆக அதிகமாகத் தமிழ் பேசினர். 2020ல் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. இதற்குக் கேலிப் பேச்சுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இந்தச் சரிவுக்குப் பின்னால் பெரிய காரணங்கள் பல இருக்கின்றன. ஆனால் வீட்டில் ஒரு மொழி குறையும்போது அதைத் தாங்கிப் பிடிக்கக்கூடிய அடுத்த இடம் நண்பர் வட்டம். அந்த வட்டமே தமிழ் பேசுபவரைப் பார்த்துச் சிரித்தால், அவர் வேறு எங்கே போய்ப் பேசுவார்?

குடை பிடித்தவர் யார்?

‘அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான்’ என்ற பழமொழியை நாம் தொடக்கப்பள்ளியிலேயே படித்திருக்கிறோம். பந்தாவுக்கு இதைவிடச் சிறந்த விளக்கப்படம் கிடையாது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை, பார்க்கவும் ஆள் இல்லை. ஆனாலும் குடை!

இந்தப் பழமொழியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். முன்பு குடை என்பது வெயிலுக்கும் மழைக்கும் மட்டும் உரியதாக இருக்கவில்லை. அது தகுதியின் அடையாளம். மன்னருக்கு வெண்கொற்றக்குடை இருந்தது. 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் நாடார்கள் உள்ளிட்ட சில சமூகத்தினர் குடை பிடிக்கவும், காலணி அணியவும், பொன் நகை போடவும் தடை இருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் ஒருவர் துணிந்து குடை பிடித்துத் தெருவில் நடந்திருந்தால், அவரைப் பார்த்து ‘அற்பனுக்கு வாழ்வு வந்துவிட்டது’ என்று சிரித்திருக்கக்கூடியவர்கள் யார்? ஏற்கெனவே குடைக்குள் நின்றவர்கள்தானே?

தற்பெருமையைக் கேலி செய்யும் சொற்களுக்கு இப்படி ஒரு மறுபக்கம் உண்டு. ஒருவர் உண்மையாகவே அலட்டுகிறார் என்பதற்காகவும் அவை பயன்படும். ‘உனக்கு எதுக்கு இதெல்லாம், உன் இடத்தில் இரு’ என்று சொல்வதற்காகவும் பயன்படும். கேட்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும்.

இந்தச் சொல் மேலிருந்து கீழே எளிதாகப் போகிறது, பக்கவாட்டிலும் போகிறது. ஆனால் கீழிருந்து மேலே போவதே இல்லை. நம் நிகழ்ச்சிகளையே எடுத்துக்கொள்வோம். மாணவர்களின் நாடகத்தைப் பார்க்க அரங்கு நிறைந்திருக்கும். ஒப்பனையோடு பிள்ளைகள் திரைக்குப் பின்னால் காத்திருப்பார்கள். மேடையிலோ சிறப்பு விருந்தினரின் பட்டங்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். பிறகு பொன்னாடை, மாலை, நினைவுப்பரிசு, படம் எடுத்தல். பொன்னாடை போர்த்தியவருக்கும் ஒரு பொன்னாடை. நாடகத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதி இதிலேயே கரைந்துவிடும். இதை யாராவது பந்தா என்று சொல்லிக் கேட்டிருக்கிறோமா? ‘மரியாதை’ என்போம். பதினான்கு வயதுப் பையன் வகுப்பில் நான்கு வாக்கியம் தமிழ் பேசினால் மட்டும் பந்தா என்போம். பெரியவர்களுக்கு மரியாதை செய்வது தவறில்லை. அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறுவதுதான் தவறு.

உண்மையான பந்தாவும் உண்டு

அப்படியென்றால் இந்தச் சொல்லையே தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. அதற்கு உண்மையான வேலை இருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர் அறிமுக முகாம் நடக்கும். கழுத்தில் செயற்குழு அட்டை தொங்கத் தொடங்கிய மறுநாளே சிலருடைய குரல் மாறிவிடும். நேற்றுவரை உடன் சாப்பிட்ட நண்பரிடம், “எதுவா இருந்தாலும் மின்னஞ்சல் அனுப்புங்க, நான் பார்க்கிறேன்” என்பார்கள். குழுப் பணியில் ஒரு பத்தியும் எழுதாமல், படைப்பு நாளன்று மட்டும் கோட்டு அணிந்து நடுவில் நின்று, தங்களுக்கே பொருள் தெரியாத கடினமான சொற்களை அடுக்குபவர்கள் இருக்கிறார்கள். சமூக ஊடகத்தில், ஒரு நாள் பயிலரங்குக்குப் போய்வந்ததை வாழ்க்கையே மாறிவிட்டதுபோல் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தச் சொல் பிறந்திருக்கிறது.

நல்ல தமிழ்கூடச் சில இடங்களில் பந்தாவாக மாறக்கூடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தேக்கா உணவங்காடியில் தேநீர் வாங்கும்போது மேடைத் தமிழில் பேசினால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். எழுத்துத் தமிழுக்கு ஓர் இடம், பேச்சுத் தமிழுக்கு ஓர் இடம் என்பது நம் மொழியின் இயல்பு. ஒருவர் பேசுவது எதிரே இருப்பவருக்குப் புரிய வேண்டும் என்ற அக்கறை இல்லாமல், தனக்குத் தெரிந்ததைக் காட்ட வேண்டும் என்று மட்டுமே இருந்தால், அது எவ்வளவு தூய தமிழாக இருந்தாலும் பந்தாதான். அதே உணவங்காடியில் பேச்சுத் தமிழில், “அண்ணே, ரெண்டு தேநீர், ஒண்ணுல சீனி கம்மியா” என்று கேட்பதில் எந்தப் பந்தாவும் கிடையாது. ஆங்கிலத்தில் கேட்காமல் தமிழில் கேட்டதற்காக அவரைக் கேலி செய்வதில்தான் அர்த்தமில்லை.

பெருமிதம் என்ற இன்னொரு சொல்

நம் முன்னோர்கள் இந்த வேறுபாட்டை நம்மைவிடத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், மனித உணர்வுகள் உடலில் வெளிப்படுவதை எட்டாக வகுக்கிறது. சிரிப்பு, அழுகை, அச்சம், கோபம், மகிழ்ச்சி முதலியவற்றோடு ‘பெருமிதம்’ என்ற ஒன்றையும் சேர்க்கிறது. அது எவற்றால் பிறக்கும் என்றும் சொல்கிறது: கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. நான்கில் முதலாவதாக நிற்பது கல்வி. கற்ற ஒருவருக்கு நிமிர்வு வருவதைத் தொல்காப்பியர் குறையாகச் சொல்லவில்லை. அழுகையையும் சிரிப்பையும்போல் மனிதருக்கு இயல்பான ஒன்றாகவே பட்டியலிடுகிறார்.

திருக்குறளின் 98ஆவது அதிகாரத்துக்குப் ‘பெருமை’ என்றே பெயர். பெருமை உடையவர்கள் எப்போதும் பணிந்து நடப்பார்கள்; சிறுமை உடையவர்கள்தான் தம்மைத் தாமே வியந்து அழகுபடுத்திக்கொள்வார்கள் என்கிறார் வள்ளுவர். பெருமை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பெருமை எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்கிறார். தொல்காப்பியரையும் வள்ளுவரையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பாடம் எளிதானது: நிமிர்ந்து நில், யாரையும் குனிய வைக்காதே.

இந்தப் பாடம் தேர்வோடு முடிவதில்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்தில், உபகாரச் சம்பள நேர்காணலில், முதல் வேலைக்கான நேர்காணலில் நம்மிடம் கேட்கப்படுவது ஒன்றுதான்: “நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள், சொல்லுங்கள்.” பல ஆண்டுகள் ‘பந்தா காட்டாதே’ என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த ஒரு மாணவர் அங்கே தொண்டை அடைத்து நிற்கிறார். தான் நடத்திய தொண்டூழியத் திட்டத்தைக் கூட “சும்மா, ஃபிரெண்ட்ஸோட சேர்ந்து...” என்று இழுக்கிறார். செய்ததைச் செய்ததாகச் சொல்வது தற்பெருமை ஆகாது. செய்யாததைச் செய்ததாகச் சொல்வதும், பத்துப் பேர் செய்ததைத் தான் மட்டும் செய்ததாகச் சொல்வதும்தான் பந்தா. இந்த வேறுபாட்டைப் பள்ளியிலேயே கற்றுக்கொண்டவர் நேர்காணலில் தடுமாற மாட்டார்.

சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள்

யாரையாவது பார்த்து ‘பந்தா’ என்று சொல்ல வாய் வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஒன்று, அவர் காட்டுவது அவரிடம் இருக்கிறதா? நன்றாகத் தமிழ் தெரிந்தவர் நன்றாகத் தமிழ் பேசினால், அங்கே வெளித்தோற்றத்துக்கும் உண்மைக்கும் இடைவெளி இல்லை. இடைவெளி இல்லாத இடத்தில் பந்தாவும் இல்லை.

இரண்டு, அவர் அப்படி நடந்துகொண்டதால் யாராவது சிறுமைப்பட்டார்களா? கை தூக்கிப் பதில் சொன்னவர் யாரையும் தாழ்த்தவில்லை. பதில் தெரியாதவரைப் பார்த்து இளித்தவர்தான் தாழ்த்தினார்.

மூன்று, இதையே ஒரு பெரியவரோ பணக்காரரோ நமக்குப் பிடித்த நண்பரோ செய்திருந்தால் இதே சொல்லைச் சொல்வோமா? இந்தக் கேள்விக்குத்தான் நேர்மையான பதில் சொல்வது மிகக் கடினம்.

மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகும் அது பந்தாதான் என்று தோன்றினால், தாராளமாகச் சொல்லுங்கள். கூடுமானால் நேராக அவரிடமே சொல்லுங்கள். நல்ல நண்பர்கள் இருப்பதன் பயன்களில் அதுவும் ஒன்று.

கேலிக்கு அஞ்சிப் பேசாமல் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குத் தெரிந்த தமிழ், உங்கள் பாட்டியோ அம்மாவோ ஆசிரியரோ பல ஆண்டுகள் செலவிட்டுத் தந்தது. அதைப் பயன்படுத்த யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. நீங்கள் ஒருவர் பேசத் தொடங்கினால், பக்கத்தில் அதே தயக்கத்தோடு உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் பேசுவார். மூன்று பேர் பேசும் வகுப்பில் நான்காமவரைப் பந்தா என்று சொல்ல யாருக்கும் தோன்றாது.

அடுத்த வாரம் உங்கள் தமிழ் வகுப்பில் யாராவது எழுந்து கொஞ்சம் நீளமாகப் பேசினால், அவர் முடிக்கும்வரை கேளுங்கள். முடித்த பிறகு, அவர் சொன்ன கருத்தோடு உடன்படவில்லை என்றால் எழுந்து மறுத்துப் பேசுங்கள். தமிழிலேயே பேசுங்கள்.